வற்புறுத்தியவர் எவருமில்லை

நேற்று வங்கியில் உங்கள் பெயரை வெட்டினார்கள். மேசைக்கு அப்பால் இருந்த பெண்பிள்ளை சிறிய அளவுகோல் ஒன்றை வைத்து, மைப்பேனையால் உங்கள் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கோடு இலேசாகச் சரிந்துபோயிற்று. வேறொரு நாளாக இருந்தால் திரும்ப இழுக்கச் சொல்லியிருப்பேன். "மன்னிக்க வேண்டும், காலமானவரின் பெயரைக் கணக்கில் வைத்திருக்க வழியில்லை" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். காயாத மையின் மணம் என் பக்கம் வந்தது. மெல்பேணில் நம் மல்கிரேவ் வீட்டின் குசினியில், அடுப்புக்கு எதிரே இருந்த மேசையில், நீங்கள் பேனைக்கு மை நிரப்பும்போது வரும் அதே மணம்.

வெளியே காரில் ரஞ்சன் காத்திருந்தான். "முடிஞ்சுதா அம்மா?" என்றான். முடிந்தது என்றேன். வழி முழுவதும் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். களைப்பு என்று நினைத்திருப்பான். வெட்கம் என்று பெற்ற மகனிடம் எப்படிச் சொல்வது? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் அமெரிக்கப் பிரஜை என்பது கலியாணப் பேச்சின்போதே எங்கள் வீட்டுக்குத் தெரியும். பேசி வந்தவர் உங்கள் படிப்பையும் உத்தியோகத்தையும் பின்னால் வைத்துவிட்டு அதைத்தான் முதலில் சொன்னாராம். உங்கள் தந்தையார் வேதசாஸ்திரம் படிக்க அமெரிக்காவில் பொஸ்ரன் நகருக்குப் போயிருந்தார். உங்கள் தாயாரும் கூடப் போயிருந்தார். அங்கே பிறந்தீர்கள். தவழும் வயதில் உங்களைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார்கள். அந்த மண்ணில் பிறந்த பிள்ளை அந்த நாட்டுப் பிரஜை என்பது அவர்கள் சட்டம். தந்தையார் உங்களுக்கு எடுத்துத் தந்த கடவுச்சீட்டைத் தவறாமல் கொழும்பில் புதுப்பித்து வந்தீர்கள். எங்கும் பயணம் போகாத வருடங்களிலும் அது அலுமாரியில் என் கூறைச் சேலைக்குப் பக்கத்தில் இருந்தது.

ஊரில் உங்களுக்கு 'அமெரிக்கன் மாஸ்டர்' என்று பெயர். பள்ளிக்கூடப் பெடியள் மறைவிலும் உறவினர் முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் சொல்வார்கள். "கப்பலிலை பால் குடிச்சுக்கொண்டு வந்த அமெரிக்கன்" என்று நானும் சீண்டியிருக்கிறேன். "குடிச்ச பாலுக்கும் பிரஜாவுரிமைக்கும் சம்பந்தமில்லைப் பாரும்" என்று நீங்கள் பாடம் நடத்துகிற குரலில் பதில் சொல்வீர்கள். வீட்டுக்குள் சீண்டினேனே தவிர, என்னோடு கொன்வென்டில் படித்தவர்கள் வந்தால் அதே அமெரிக்காவைத்தான் முதலில் எடுத்து வைப்பேன். "என்ர அவர் அமெரிக்கன் சிற்றிசன்" என்று. தேநீர் ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.

உங்களுக்கு அந்த நகரம் ஒரு துளியும் நினைவில்லை. ஆனால் தந்தையார் சொன்னதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தீர்கள். ஆறு எங்கே வளைகிறது, பனிக்காலத்தில் எந்தப் பாலத்தில் காற்று அடிக்கும், நீங்கள் பிறந்த வீட்டுக்கு மரப்படிகள் எந்தப் பக்கம். ஒருநாள் போய்ப் பார்ப்போம் என்று நீங்கள் சொன்னதில்லை. போகமுடியும் என்பதே உங்களுக்குப் போதுமாக இருந்தது.

ரஞ்சனுக்கு மெல்பேணில் வேலை கிடைத்து, அவன் நம்மைக் கூப்பிட்டுக்கொண்டதும், நீங்கள் அந்தக் கடவுச்சீட்டோடுதான் வந்து இறங்கினீர்கள். அதன் காலம் முடிகிற நேரம் புதுப்பிக்க நகரத்திலிருந்த அமெரிக்க அலுவலகத்துக்குத் தனியே போனீர்கள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கட்டுக் கடதாசி. முகத்தில் பரிசளிப்பு விழா நாளின் மலர்ச்சி.

"என்னை அவங்கள் மறக்கேல்லைப் பாரும்" என்றீர்கள்.

அங்கிருந்த இளம் அதிகாரி விளக்கிச் சொன்னாராம். அமெரிக்கப் பிரஜை உலகத்தில் எங்கே குடியிருந்தாலும் வருடாவருடம் தன் வருமானத்தை அந்த அரசுக்குச் சொல்ல வேண்டும். வேறு நாட்டு வங்கிகளில் கணக்கு இருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். மற்ற நாடுகள் தம் எல்லைக்குள் வாழ்பவர்களிடம் கேட்பதை, அவர்கள் தம் பிரஜைகளிடம் எங்கிருந்தாலும் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இதை உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை. உங்களுடைய ஓய்வூதியத்துக்கு வரி எதுவும் கட்ட வேண்டி வராது, எழுதித் தெரிவித்தால் சரி என்றும் அந்த அதிகாரி சொல்லியிருந்தார். வேறு யாராக இருந்தாலும் எரிச்சல்பட்டிருப்பார்கள். நீங்களோ நெடுநாள் வராத கடிதம் வந்ததுபோல் பேனைக்கு மை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தீர்கள்.

வங்கிக் கணக்குப் பற்றிய கேள்விக்கு வந்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன்.

நமக்கிருந்தது ஒரே ஒரு கணக்கு. என் அப்பா மலாயா ரயில்வேயில் உழைத்து வாங்கிய வீட்டை எனக்குச் சீதனத்தில் சேரவேண்டியது என்று சொல்லி வைத்திருந்தார். அவர் போய் வெகுகாலத்துக்குப் பிறகு அது விற்றுப்போய், பணம் இங்கே வந்தது. கணக்குத் திறந்தபோது இரண்டு பெயரையும் எழுதச் சொன்னவள் நான்தான். என் பெயரை மட்டும் எழுதினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நீங்கள் அந்தப் பணத்தைத் தொட்டதேயில்லை. முத்திரை வாங்கக்கூட என்னிடம் கேட்டுத்தான் எடுப்பீர்கள்.

"இஞ்சேருங்கோ, உதிலை என்ர அப்பான்ர காசையுமோ எழுதப் போறியள்?"

"என்ர பேரும் இருக்குத்தானே. இருக்கிறதை எழுதத்தானே வேணும்."

"அவர் அமெரிக்காவைப் படத்திலைகூடப் பாக்கேல்லை. கள்ளக் கணக்கு வைச்சிருக்கிற ஆக்கள் மாதிரி நாங்கள் ஏன் எங்கட வீட்டுக் காசைக் கொண்டுபோய்க் காட்ட வேணும்?"

"களவெடுத்தவன் எழுதமாட்டான். களவெடுக்காதவன் எழுதுறதுக்கு என்ன?"

"சீதனக் காசை ஆரோ ஒரு வெள்ளைக்காரன் இருந்து விரல் வைச்சுப் பாக்கிறதோ?"

அப்போது ரஞ்சன் வேலையால் வந்தான். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அம்மா, உது ஒரு சின்ன விசயம். பாங்குக்குப் போய் அப்பான்ர பேரை எடுத்துவிடுங்கோ. பிறகு அது உங்கட காசு மட்டும்தான். அப்பா இனிமேல் அதை எழுதத் தேவையில்லை."

"நல்ல யோசனை" என்றீர்கள் நீங்கள். உண்மையாகவே ஆறுதலோடு சொன்னீர்கள்.

எனக்குத்தான் தலைக்கு ஏறியது. "உயிரோடை இருக்கிற மனிசன்ர பேரை என்னை வெட்டச் சொல்லுறியளோ? பாங்க் மனேச்சரின்ர மனிசி சேர்ச்சிலை எனக்குப் பக்கத்திலை இருக்கிறவ. இந்த வயசிலை புருசனும் பெஞ்சாதியும் காசைப் பிரிச்சுப்போட்டினம் எண்டு கதைக்கிறதுக்கோ?"

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுறீர்?"

"உந்த அமெரிக்காவை விட்டாலென்ன? அது உங்களுக்கு என்னத்தைத் தந்தது?"

நீங்கள் பேனையின் மூடியைப் போட்டீர்கள். ரஞ்சன் என்னைப் பார்த்தான், உங்களைப் பார்த்தான், முகம் கழுவப் போய்விட்டான்.

கணக்கை எழுதிக் காட்டுவது, பெயரை வெட்டுவது, அமெரிக்காவை விடுவது என்று மூன்று வழிகள் இருந்தன. இரண்டு வழிகளில் என் முகம் கொஞ்சம் வாடும், அவ்வளவுதான். மூன்றாவதில் உங்களுடையது முழுவதும் போகும். நான் மூன்றாவதைக் கேட்டேன். நீங்கள் அதற்குமேல் வாதாடவில்லை.

இந்நாட்டுக் குடியுரிமைக்கு ரஞ்சன் ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தான். நகரசபை மண்டபத்தில் நம் இருவரையும் சத்தியம் செய்ய வைத்தார்கள். அது முடிந்து சில வாரங்களில், அமெரிக்காவுடையதைத் திருப்பிக் கொடுக்க நாள் கேட்டு எழுதினீர்கள். அந்த நாளில் நானும் கூட வந்தேன். சாம்பல் நிறக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தீர்கள். ட்ராமில் இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தீர்கள், கோட்டு கசங்கிவிடும் என்று.

அந்த அதிகாரிக்கு உங்கள் கடைசி வகுப்புப் பெடியளின் வயதுதான் இருக்கும். நீங்கள் உட்காரக் கதிரையை இழுத்து வைத்தார். வங்கிக் கணக்குக்காகத்தான் என்றால் இதைச் செய்யத் தேவையேயில்லை, ஐயா, எழுதித் தந்தால் போதும், அதை ஒருவரும் எடுத்துப் பார்க்கக்கூட மாட்டார்கள் என்று சொன்னார். நீங்கள் முடிவு செய்துவிட்டதாகச் சொன்னீர்கள். பிறகு, சில கேள்விகளைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று என்னை வெளியே இருக்கச் சொன்னார். எனக்கு முகம் சிவந்தது. நீங்கள்தான், "என் மனைவி இருக்கட்டும்" என்றீர்கள்.

இதை உங்கள் சொந்த விருப்பத்தில் செய்கிறீர்களா என்று அவர் கேட்டார். ஆம் என்றீர்கள். யாராவது வற்புறுத்துகிறார்களா?

"எவருமில்லை, ஐயா."

வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கிறவனுக்கும் கேட்கிற உங்கள் ஆங்கிலம். பிறகு என் பக்கம் சரிந்து தமிழில் சொன்னீர்கள்: "பயப்படாதையும். உம்மைக் காட்டிக் குடுக்கேல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஏதோ அன்பாகச் சொல்கிறீர்கள் என்று நினைத்து அந்த அதிகாரியும் சிரித்தார். நான் என் கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடினேன்.

வலக்கையை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினீர்கள். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாகச் சொன்னீர்கள். கடவுச்சீட்டை மேசையின் மேல் அவர் பக்கம் திருப்பி வைத்தீர்கள், அவர் வாசிக்க வசதியாக. பொஸ்ரன் நினைவிருக்கிறதா என்று மரியாதைக்காகக் கேட்டார். நீங்கள் அதற்காகவே காத்திருந்ததுபோல் தொடங்கினீர்கள். ஆறு வளைகிற இடம், பனிக்காலம், காற்று அடிக்கிற பாலம். அவர் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துக்காரராம். அந்த நகரத்தைப் பார்த்ததேயில்லையாம். ஒரு அமெரிக்கருக்கு அவருடைய நாட்டைப் பற்றி நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், அது உங்களுடையதல்லாமற் போய் ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது உங்களை நினைத்து வெட்கமாக இருந்தது. கிழவன் குழந்தைப்பிள்ளை மாதிரிக் கதைக்கிறாரே, இந்தப் பெடியன் என்ன நினைப்பான் என்று. உங்கள் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன். "போதும், வாங்கோ" என்றேன். உங்கள் பேச்சு பாலத்தோடு நின்றுபோயிற்று.

உங்களை வற்புறுத்தியதைவிட, அந்தக் கையை இழுத்ததுதான் என்னால் தாங்கமுடியாததாக இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் உங்களைப் பேச விட்டிருக்கலாம்.

திரும்பி வரும்போது ட்ராமில் உட்கார்ந்தீர்கள். கவலையோ என்று கேட்டேன். "பெரிய பாரம் குறைஞ்சிட்டுது. உம்மட அப்பாவும் இனி நிம்மதியா நித்திரை கொள்ளுவார்" என்றீர்கள். நான் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள். சிரித்தேன். நல்ல பெண்சாதிபோல.

வங்கி முகாமையாளரின் மனைவி அடுத்த வருடமே சிட்னிக்கு மாறிப் போய்விட்டாள். போகும்வரை அவள் என்னிடம் பேசியதெல்லாம் ரோஜாச் செடிக்கு என்ன உரம் போடுவது என்பதைப் பற்றித்தான். நம்முடைய கணக்கு ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. ஒருவரும் பார்க்காத ஒன்றை ஒருவரும் பார்த்துவிடக்கூடாது என்று காவல் காத்தேன். நான் வெட்டமாட்டேன் என்று அடம்பிடித்த பெயரை நேற்று ஒரு பெண்பிள்ளை இருமிக்கொண்டே வெட்டிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள் நினைவுக்கு வருகிறது. தாதி உங்கள் விவரங்களை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். நீங்கள் கண்களை மூடியிருந்தீர்கள். உறங்குகிறீர்கள் என்றுதான் இருவரும் நினைத்தோம். எங்கே பிறந்தவர் என்றாள். அதைச் சொல்ல எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று ஒரு கணம் தயங்கினேன்.

"பொஸ்ரன்" என்றேன்.

"முழுசாச் சொல்லும்" என்று கட்டிலிலிருந்து உங்கள் குரல் வந்தது.

"பொஸ்ரன், மசச்சூசெற்ஸ்" என்றேன்.

தாதி உங்கள் பக்கம் குனிந்தாள். "அப்படியென்றால் நீங்கள் அமெரிக்கரா?" என்று உற்சாகமாகக் கேட்டாள்.

நீங்கள் கண்களைத் திறந்தீர்கள். அவளைப் பார்த்து, "இப்போது இல்லை, சிஸ்டர்" என்றீர்கள்.

அவள் சிரித்துவிட்டு மேலே எழுதத் தொடங்கினாள். நான் கட்டிலின் மறுபக்கம், உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பவேயில்லை. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபமாக இருக்கட்டும் என்றுகூட விரும்பினேன். உங்களோடு இத்தனை காலம் வாழ்ந்தவள், எனக்குத் தெரியும். அந்த நேரம் என்னைப் பார்த்தால், யாரால் அது போயிற்று என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிடும் என்று நினைத்திருப்பீர்கள்.