நான்தான் என்பதற்குச் சாட்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரை போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் வரிக் கணக்கு கொடுக்கப் போனேன். கவுன்டரில் இருந்தவர், "நீங்கதான் ஏற்கெனவே கொடுத்துட்டீங்களே. திரும்ப வர வேண்டிய பணமும் வாங்கியாச்சு. கணவர், ரெண்டு குழந்தைங்கன்னு போட்டிருக்கு" என்றார். நீ இத்தனை வருஷம் தேடியும் கிடைக்காத மாப்பிள்ளை வரி ஆபீசில் இருக்கிறார், பார்.

சிரித்துக்கொண்டேதான் திரும்பினேன். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவை அறையில், துவைக்காத போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். எவளோ என் பெயரையும் வரி எண்ணையும் திருடி, நான்தான் என்று கணக்குக் கொடுத்திருக்கிறாள். போலீசில் புகார் கொடுத்தாகிவிட்டது. ஆனால் போகிற இடமெல்லாம், "நீங்கதான் அவங்கன்னு என்ன ஆதாரம்?" என்கிறார்கள். வரி அட்டையை நீட்டினால், திருடியவளிடமும் அதன் நகல் இருக்கிறதாம். இந்த மாதத்துக்குள் நிரூபிக்காவிட்டால் வேலை அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேலை கிடைத்த அன்று நான் அனுப்பிய வரி அட்டைப் படத்தை அப்பா ஊரே பார்க்கும்படி வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்திருக்கிறாரே, அதை நீயே எடுத்துவிடு. காரணம் சொல்லாதே. பெருமையில் வைத்தார், தெரிந்தால் உடைந்துபோவார்.

என் பிறப்புச் சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்பு. போனில் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதே. பெற்றவர் கையெழுத்துப் போட்ட கடிதமும் கேட்கிறார்கள். "இவள் என் மகள்தான்" என்று உன் கையாலேயே எழுது. எழுத்து கோணினாலும் பரவாயில்லை.

ஷிப்ட் மணி அடிக்கிறது. இரண்டு பிரதி எழுது அம்மா. ஒன்று அவர்களுக்கு, ஒன்று எனக்கு.

உன் மூத்தவள்