தாப்பா டோலில் நின்ற கார்

முப்பது வருஷம் தேயிலை லோரியை மலையிறக்கி, ஒருவருக்கும் ஒரு கீறல் படாமல் வீடு திரும்பிய என் வீட்டுக்காரர் சின்னையா மாமாவுக்கு,

உங்கள் கார் சரியாகிவிட்டது. கோளாறு காரில்தான் இருந்தது மாமா, உங்கள் காலில் இல்லை. ஊரறியச் சொல்ல வேண்டியது என்பதால் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் படிப்பவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

ஈப்போவிலிருந்து திரும்பும்போதெல்லாம், நெடுஞ்சாலை முடிந்து மலை ஏறுவதற்கு முன் காசு கட்டுகிற தாப்பா டோலில் கார் உலுக்கி நின்றுபோகும். பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும். "கிளட்ச் மிதிக்காம நிப்பாட்டுன லோரி மாதிரியே சாவுதுலா, புள்ள" என்பீர்கள். பின் சீட்டிலிருந்து நம் செல்வம் சிரிப்பான். "அப்பா, இது ஆட்டோ கார். இதுல ஏது கிளட்ச்சு? நீங்கதான் எதையோ மாத்தி மிதிக்கிறீங்க."

நானும் சிரித்தேன்.

மலைமேல் திரிங்காப்பில் கார் பட்டறை வைத்திருப்பவர் கடைத்தெருவை இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கார் நல்லாத்தான் இருக்கு, பெரியவருக்குத்தான் வயசாச்சு" என்றார். அன்றைக்குச் சாவியை உங்கள் கையிலிருந்து பறித்து அரிசி டின்னில் போட்டவள் நான்தான். அப்புறம் கண்ணை மூடும்வரை பஸ்ஸில்தான் போனீர்கள். ஏன் மாமா சண்டை போடவில்லை? நீங்களே நம்பிவிட்டீர்களா?

செல்வத்தின் மகள் துர்கா இப்போது ஈப்போவில் கார் பட்டறையில் வேலை செய்கிறாள். லீவுக்கு வந்திருந்தாள். காரைப் பழைய இரும்புக்குப் போட அவள் அப்பன் ஆள் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"பாட்டி, மலையில ஒரு தடவையாச்சும் நின்னுச்சா?"

யோசித்தேன். ரிங்லெட்டில் நின்றதில்லை, கம்போங் ராஜாவில் நின்றதில்லை. "தாப்பா டோல்ல மட்டும்தான். கொஞ்ச நேரம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி மலை ஏறும்."

"பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க பாட்டி!"

மறுநாள் இருவரும் ஈப்போ போய்த் திரும்பினோம். அதே டோலில், அவள் கையிலும் கார் உலுக்கி நின்றது. நான் மாரியம்மனைக் கூப்பிட்டேன். அவளோ ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தாள்.

ஆட்டோ காருக்கு உள்ளேயும் ஒரு கிளட்ச் இருக்கிறதாம், மாமா. நேர்ச் சாலையில் வேகம் எடுத்ததும் அது பிடித்துக்கொள்ளும், வேகம் குறைந்தால் விட்டுவிட வேண்டும். அதற்கு எண்ணெயை விட்டு அடைக்கிற கட்டைவிரல் அளவுச் சாமானுக்கு சோலனாய்டு என்று பேர். நம்முடையது சூடேறினால் ஒட்டிக்கொள்கிறது, கிளட்ச்சை விடுவதில்லை; டோலில் பிரேக் போட்டால் எஞ்சினும் சேர்ந்து அணைந்துவிடுகிறது. நம் வளைவுகளில் அந்த வேகமே வராது. பட்டறைக்காரர் வருஷம் முழுக்கச் சுற்றினாலும் மலைமேல் கண்டுபிடித்திருக்க முடியாது.

அவள் அப்போதும் முடிவு கட்டவில்லை. காரை ஆறவிட்டு, அந்தச் சாமானுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, அதே சாலையில் இன்னொரு முறை ஓட்டினாள். டோலில் எஞ்சின் அணையவில்லை. அப்புறம்தான் கியர்பாக்ஸின் அடியைக் கழற்றிப் புதுசு மாட்டினாள். வயரை மாட்டி மூன்றாம் முறையும் போனோம். டோலில் பிரேக் போட்டதும் கார் நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. என் பேத்தி!

வீட்டுக்கு வந்ததும் செல்வத்தைக் கூப்பிட்டேன். "உங்கப்பா கிளட்ச்சுன்னுதானேடா சொன்னாரு?"

"தாத்தா சொன்னது அச்சு அசல் அதேதான்பா" என்றாள் துர்கா.

அவன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து காரைக் கழுவ ஆரம்பித்துவிட்டான்.

தப்பு என்னுடையது. அதற்காக மூலையில் உட்கார்ந்து அழமாட்டேன், என்னை உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை துர்காவோடு திரிங்காப் போகிறேன். பட்டறையில் ஆள் கூடியிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் இறங்குவேன். "எங்க வீட்டுக்காரருக்கு வயசாகல தம்பி, நீங்கதான் தாப்பா வரைக்கும் போகல" என்று சொல்லாமல் திரும்பமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் அத்தை மகள்,
என்றைக்கும் முன் சீட்டில் உங்கள் பக்கத்தில் இருப்பவள்,
மாரியாயி