வாசல் கல்லில் ஒரு பெயர்

1928 ஆகஸ்ட் 9, வியாழன்.

சிங்கப்பூர்ப் புதுக் கல்லூரிக்குப் பினாங்கில் என்னைப்போல் நன்கொடை திரட்டியவன் எவனுமில்லை. கல்லூரியின் வெள்ளைக்காரக் காரியதரிசி துரையே எழுந்து கைகொடுத்தார். சரி, உண்மையில் தலையை மட்டும் அசைத்தார். சுங்கை பினாங் பால்காரர் மாரிமுத்து அண்ணன் கறவை மாடுகளை விற்றுக் கொடுத்ததும் என் பேச்சுக்குத்தான். காய்ச்சலில் போன அவர் மகனின் பெயரைக் கல்லூரி வாசல் கல்லில் வெட்டுவார்கள் என்றேன். பெரும் பணக்காரர் பெயர் மட்டுமே கல்லில் வரும் என்று துரை பிறகுதான் சொன்னார். அதை அண்ணனிடம் நான் சொல்லவில்லை.

இன்று அண்ணன் மனைவியோடு வந்தார். "தம்பி, கல்லப் பாக்கப் போறோம்லா. டிக்கெட்டும் எடுத்தாச்சு. எந்த வாசல்?"

"பெரிய வாசல், அண்ணே. வலப்பக்கம். தங்க எழுத்து!" என்றது என் வாய்.

அண்ணி மெல்லக் கேட்டார்: "கைக்கு எட்டுமா தம்பி? தடவிப் பாக்கணும்."

எட்டும் என்றேன். விடிந்தால் அவர்களுக்குச் சிங்கப்பூர்க் கப்பல்.