மரக்கட்டையில் மூன்று அடி

அன்புள்ள தம்பிக்கு,

ஜாவாவில் உன் மனைவியின் கிராமத்தைப் பற்றி நீ எழுதியதை வாசித்துச் சிரித்தேன். கதவுக்குப் பூட்டில்லையாம். மோட்டார் சைக்கிளிலேயே திறப்பு செருகியபடி கிடக்குமாம். சந்தியில் தொங்கும், உள்ளே குடைந்த கோறை மரக்கட்டை ஒன்றுதான் முழு ஊருக்கும் காவலாம்! இங்கே பென்டில் ஹில்லில் என் வாசலில் மட்டும் மூன்று கமரா இருக்கிறது.

நீ கள்ளனைக் கண்டு கட்டையை அடித்த கதை அதைவிடத் திறம். கள்ளனென்றால் இரண்டு அடி, நெருப்பென்றால் மூன்று. நீ பதறி மூன்று அடிக்க, ஊரே தண்ணீர் வாளியோடு ஓடி வந்ததாம். வாளியைக் கண்டு ஓடியவனும் ஒரு கள்ளனா? இந்தச் சனத்தை நம்பித்தான் அங்கே வீடு கட்டுகிறாய்.

இங்கே எல்லாம் ஒழுங்கு. போன செவ்வாய் மத்தியானம் என் வீட்டு அலாரம் தவறுதலாக அலறியது. நிறுத்த ஓடியபோது கால் சறுக்கி, குசினித் தரையில் கொஞ்சம் படுத்திருந்தேன். அது நாற்பது நிமிடம் அலறியது. அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரி கடிதப்பெட்டியில் துண்டு எழுதிப் போட்டிருந்தாள். குழந்தை தூங்கவில்லையாம், சத்தத்தைக் கவனிக்கட்டாம். அவள் பெயரே எனக்கு அன்றுதான் தெரியும்.

கையில் கட்டு. அதனால்தான் எழுத்து கோணல்.

"அக்கா, நீங்களும் இஞ்ச வந்து இருங்கோவன்" என்று போனில் கேட்டாயே, எனக்கென்ன விசரா?

சும்மா அறியத்தான் கேட்கிறேன். வீட்டுக்குள் ஒரு ஆள் விழுந்து கிடந்தால், அந்தக் கட்டையில் எத்தனை அடி?

உன் அக்கா