கதவைப் பிடிக்க ஒரு கட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். விழுந்ததிலிருந்து என் இடது கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, வாய் பழையபடியே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். வீட்டோடு ஓர் ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருந்தாய். வேண்டாம் கண்ணு. எனக்கு வேண்டியிருந்தது ஆள் இல்லை, படுக்கையறைக் கதவு திறந்தபடி நிற்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கையாலும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குக் கிளம்பினால், ஜன்னல் காற்றுக்கு அந்தக் கதவு வந்து வாக்கரில் மோதிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தினாலோ புழுக்கம் தாங்கவில்லை. அந்தக் கதவைப் பிடிப்பதற்காகவே உன் அம்மா தையற்கடை வேலைக்குப் போகாமல் இத்தனை நாளும் வீட்டில் கிடந்தாள். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று கடைக்காரம்மா சொல்லியனுப்பிவிட்டார். போனால் போகிறது என்றாள் இவள், சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கட்டிலில் உட்கார்ந்தபடியே பழைய மேசைப் பலகையை அறுத்துப் பெட்டி மாதிரி ஒரு கட்டை செய்தேன். லாரிப் பட்டறையில் காலம் தள்ளியவனுக்கு மரவேலை எங்கே வரும், கோணல்மாணலாகத்தான் வந்தது. கதவுக்கு முட்டாக வைத்தேன், காற்று கதவோடு சேர்த்து அதையும் தள்ளிக்கொண்டு போனது. விடுவேனா? உள்ளே மணல் நிரப்பினேன், இடுக்கு வழியாகக் கொட்டி வீடெல்லாம் மணல், அம்மா ஒரு கையில் துடைப்பமும் வாயில் முணுமுணுப்புமாக அலைந்தாள். மணலைக் கொட்டிவிட்டு, பட்டறை நாளில் சேர்த்துவைத்த பழைய லாரிச் சக்கர நட்டுகளைப் போட்டேன். கனம் வந்தது, கூடவே சத்தமும் வந்தது, காற்றடித்தால் கடகடவென்று ஒரே இரைச்சல். கடைசியில் மெழுகுவர்த்திகளை உருக்கி நட்டுகள் மேல் ஊற்றி இறுகவிட்டேன். உருக்கித் தந்தது அம்மாதான், திட்டிக்கொண்டே. அடியில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். இனி வழுக்கட்டும் பார்க்கலாம்.

இன்று திங்கள். உன் அம்மா புறப்பட்டு வாசல்வரை போனவள், நம்பிக்கை வராமல் திரும்பி வந்து கட்டையை ஓங்கி ஓர் உதை விட்டாள். கட்டை அசையவில்லை, அவள் கால் கட்டைவிரல்தான் வீங்கிவிட்டது. நொண்டிக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறாள், நொண்டும்போதும் சிரிப்பு அடங்கவில்லை. அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று. அவள் போனபிறகு நானாகவே குளியலறைக்குப் போய்வந்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

குட்டிக்கு என் முத்தம். நீங்கள் எல்லோரும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடு. வரும்போது அறைக்குள் பார்த்துக் கால் வை, அது நகராது.

இப்படிக்கு,
வீட்டில் தனியாக இருக்கும்
உன் அப்பா