மாவுப் பீப்பாயில் நான்கு மூட்டை

மட்டாஞ்சேரி

அன்புள்ள பூங்கோதைக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பின் எங்கள் கப்பல் ஏஜென்சி செவ்வாயன்று ஒரு பெரிய முடிவை எடுத்தது: இனிச் செருப்புக்காலோடு யாரும் கப்பல் ஏறக்கூடாது. ஷூ வைத்திருந்தவன் நான் ஒருவனே, நம் கல்யாணத்துக்கு வாங்கியது. ஆகவே சீனாவுக்குப் போகும் வெளிநாட்டுக் கப்பலுக்குக் காகிதங்களோடு என்னை அனுப்பினார்கள்.

நீயும் பாப்பாவும் நலமா? மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? பன்னிரண்டாம் தேதி காதுகுத்துக்கு எல்லோருக்கும் சொல்லியாயிற்றா?

நான் கப்பலில் இருந்தபோதே சுங்க அதிகாரிகள் வந்து சோதனை போட்டார்கள். சமையலறை மாவுப் பீப்பாய்க்குள் நான்கு மூட்டை நிறையக் கறுப்பாகக் காய்ந்த ஏதோ ஒன்று இருந்தது. சமையல்காரர் காய்கறி என்று சாதித்தார்.

“இது எந்தா, உணங்கின பாவக்காயோ?” என்று காய்ந்த பாகற்காயா எனக் கேட்டார் மலையாளி அதிகாரி.

“கடல் அட்டை சார். பிடிக்கவே தடை. சீனாவுல நல்ல விலை போகும்” என்றேன். கடல் அட்டைக்குப் பேர்போன உங்கள் மண்டபம் ஊருக்கு மாப்பிள்ளையானவனுக்கு இதுகூடத் தெரியாதா? கேப்டன் உட்பட எல்லோரும் என்னையே பார்த்தார்கள், பூங்கோதை. சாயா கொடுத்து உட்கார வைத்தார்கள்.

“நீ கொள்ளாமல்லோ. அப்போ நீ தன்னே சாட்சி” என்று என்னைக் கெட்டிக்காரன் எனப் பாராட்டி, என்னையே சாட்சியாக்கி, அதிகாரி என் பெயரை எழுதிக்கொண்டார்.

நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். கொஞ்சம் மல்லிப்பொடி மட்டும் அனுப்பு. சிந்தாமலிருக்கப் பாப்பாவின் பழைய சட்டையில் சுற்று, துவைக்க வேண்டாம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. கப்பல் அபராதத்தைக் கட்டிவிட்டு அன்று மாலையே சீனாவுக்குப் புறப்பட்டது. சாட்சி விசாரணை பன்னிரண்டாம் தேதி காலை பத்தரைக்கு.

உன்
கதிர்வேலு