பாசமான மகன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

கணினியில் இருக்கும் மனித உருவத்தின் மூக்கை நீட்டி, கன்னத்தை ஒடுங்க வைத்து வேறு ஆளாக்குவதுதான் என் வேலை என்று சொன்னேனே. இதுவரை நான் மாற்றியதெல்லாம் ஒரே ஆளை. யார் என்று மேலாளரிடம் கேட்டேன்.

"உனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவர். இப்ப இல்ல."

போன வாரம் என்னைச் சுற்றிக் கேமரா வைத்துப் படம் எடுத்தார்கள். நேற்று பக்கத்து சீட்டுக்காரி திரையில் என் முகம்! கண்ணுக்குக் கீழே கருவளையத்தை அழித்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன பாத்திரம்?"

"பாசமான மகன். தினமும் வீட்டுக்கு போன் பண்ணி நல்லா இருக்கேன்னு சொல்லுவான்."

சிரித்துவிட்டு வந்தேன். முகத்தின் ஒரு பக்கம் செய்தால் மறுபக்கமும் தானாக வரும் வசதியை அவள் அணைக்க மறந்திருந்தாள். என் மச்சம் இரண்டு கன்னத்திலும் விழுந்திருந்தது. நான் சொல்லவில்லை.

வீட்டு வாசனை போகாமல் என் பழைய போர்வையைத் துவைக்காமல் அனுப்பு. வீடியோ காலில் நான் வந்தால் முதலில் மச்சத்தை எண்ணு. மேலாளர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

வலது கன்னத்தில் மட்டும் மச்சமுள்ள,
உன் சின்னவன்